துரைக்கு மீன் ஆகாது

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
4-2-1963

அன்பும் பாசமும் நிறைந்த மருமகள், என் தங்கச்சியின் மகள் சீலாவுக்கு மாமா சூசைப்பிள்ளை எழுதிக்கொள்வது. பாலையூற்று மாதாவின் புண்ணியத்தில் நானும் றோஸ் மாமியும் நல்ல சுகம். உன்னுடைய சுகமும் நாளுக்கு நாள் கூடிவர வேண்டுமென்று பூசைக்குப் பூசை மெழுகுதிரி கொளுத்துகிறோம்.

நிற்க. நடந்ததெல்லாம் இப்பிடித்தான் நடக்குமெண்டு நான் முதலே சொன்னனான். டிசம்பர் மாதம் நீ கொழும்பு றெயிலில ஏறின அண்டைக்கே ஸ்டேசனில வைச்சு மாமியிட்டச் சொன்னனான், "பார் றோஸ், பிள்ளை போக, துரைக்கு ஏதோ வரப்போகுது" எண்டு. நான் அப்பிடிச் சொன்னதாகத் தனக்கு ஞாபகமில்லை எண்டுறா மாமி. அவவின்ட ஞாபகம் எப்பவும் அப்பிடித்தான்.

விசயம் என்னவெண்டால், உன்ட வெள்ளைப் பூனை சொறியுது. கழுத்திலயும் ரெண்டு காதுக்குப் பின்னாலயும் மயிர் கழண்டு போச்சு. பின்னங்காலால சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தப் பொட்டு. வயிற்றை நக்கி நக்கி அங்கயும் தோல் தெரியுது. முந்தி வெள்ளைக்காரன் மாதிரி வெள்ளையும் சிவப்புமா இருக்கிறாரெண்டுதானே 'துரை' எண்டு பேர் வைச்சனீ. இப்ப வெயிலில தோலுரிஞ்ச வெள்ளைக்காரன்தான்.

நீ பயப்பிடாத. துறைமுகம் இங்கிலீசு நேவியிட்ட இருந்த காலத்தில எங்கட கயிற்றுக் கிட்டங்கியில எண்பது பூனை நிண்டது. அத்தனைக்கும் வைத்தியம் பாத்தவன் நான். அட்மிரலே ஒருநாள் என்ட கையைப் பிடிச்சுக் குலுக்கிப் போட்டுத் தொப்பியைக் கழட்டினவர். அந்த அனுபவத்தில கெந்தகத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசினன். துரை அதை நக்கிப்போட்டுத் திண்டதெல்லாம் சத்தி எடுத்தது. பிறகு வேப்பெண்ணெய் பூசினன். அதையும் நக்கிப்போட்டு மாமியின்ட கதிரையில சத்தி எடுத்தது. அதிலதான் மாமிக்குக் கோபம் வந்தது. "சொறிப் பூனையோட ஒரு வீட்டில இருக்க ஏலாது. உயிர்த்த ஞாயிறுக்குள்ள மாறாட்டில் சாக்கில போட்டு மூதூர் போற லோஞ்சுப் படகில ஏத்திவிடுவன், அங்க போய்ச் சொறியட்டும்" எண்டுறா.

சாப்பாட்டில ஒரு குறையும் இல்லை. சல்லிக் கிராமத்தில இருந்து வாற மீன்காரரிட்ட நாளாந்தம் சூடை மீன் வாங்கி நானே முள்ளெடுத்துக் குடுக்கிறன். சொறி வந்த பிறகு பெலத்துக்கு எண்டு இன்னும் கூட்டிக் குடுக்கிறன்.

இதை உனக்கு எழுதாதேயுங்கோ எண்டு மாமி சொன்னவ. நான் ஒண்டையும் மறைக்கிற ஆள் இல்லை. நீ யோசியாமல் ஊசியையும் குளிசையையும் ஒழுங்கா எடு.

உன்ட சுகத்தைக் கேட்டபடி இருக்கும்,
மாமா சூசைப்பிள்ளை


நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி,
3ஆம் வாட்டு, கொழும்பு.
9-2-1963

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும் சீலா எழுதுவது. நான் சுகம். காய்ச்சல் இல்லை. நிறை இரண்டு இறாத்தல் கூடியிருக்கிறது. உங்கள் இருவருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

மாமா, உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருடம் நாலு மாதம் அறைக்குள் காய்ச்சலோடு கிடந்தேனே, உங்கள் இரண்டு பேரையும் நான் கிட்ட வர விடவில்லை. தொற்றிவிடும் என்று கதவடியிலேயே நிற்பாட்டினேன். என்ன சொல்லியும் கேளாமல் யன்னலால் உள்ளே வந்து என் காலடியில் படுத்தது துரை ஒன்றுதான். அதைச் சாக்கில் போட விட்டுவிட்டு நான் இங்கே கட்டிலில் படுத்திருக்க ஏலாது.

வாட்டு டொக்டரிடம் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். அவர் சந்தோசமாகத் தரவில்லை. செப்டெம்பர் கடைசி வரைக்கும் ஊசியும் குளிசையும் விடாமல் எடுக்க வேண்டுமாம். இடையில் விட்டால் சயரோகம் திரும்பி வருமாம், அப்போது இந்த மருந்தும் கேளாதாம். "வீட்டை போறவை பத்து நாளில வாறதில்லை" என்று சொல்லித்தான் கடதாசி தந்தவர். ஆனால் நான் வந்து துரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அடுத்த கிழமை நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

அம்மாவும் மருத்துவம் முடிய முதல் வீட்டுக்கு வந்தவ என்று மாமி ஒருநாள் சொன்னவ. பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் எனக்கு ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை.

துரையின் தலையைத் தடவிவிடுங்கள். சொறி இல்லாத இடத்தில்.

உங்கள் மருமகள்,
சீலா


திருகோணமலை.
14-2-1963

என்றும் மறவாத மருமகள் சீலாவுக்கு, இங்கு எல்லோரும் சுகம். துரையைத் தவிர. அதுவும் இனிச் சுகம்தான். எப்பிடியெண்டு சொல்லுறன்.

உன்ட கடிதம் கிடைச்ச அடுத்த நாளே துரையைப் பிரம்புக் கூடையில போட்டு, மூடியைக் கப்பல் முடிச்சால கட்டி, சைக்கிளில வைச்சு மாட்டு டொக்டர் இராஜநாயகத்திட்டக் கொண்டுபோனனான். இங்க மாட்டையும் ஆட்டையும் பாக்கிற அரசாங்க டொக்டர் அவர்தான். பத்து மாடு வரிசையில நிக்குது. என்னைக் கண்ட உடன எல்லா மாட்டையும் விலத்தி உள்ளுக்கு விட்டவர்.

காதுக்குள்ள பாத்தார், மயிரைப் பிரிச்சுப் பாத்தார். தெள்ளுப்பூச்சி இல்லை எண்டார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீர்?"

"மீன்தான் ஐயா. முள்ளெடுத்து."

"காலமை?"

"மீன்."

"பின்னேரம்?"

"மீன். இடையில பசிச்சா கொஞ்சம் நெத்தலி."

பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். "சூசைப்பிள்ளை, இந்தப் பூனைக்கு மீன் ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. திருகோணமலைத் துறைமுகத்தில பிறந்த பூனைக்கு மீன் ஆகாதெண்டால், மரங்கொத்திக்கு மரம் ஆகாதெண்டு சொல்லுற மாதிரியெல்லோ? "மனிசருக்கு இறால் திண்டு உடம்பு தடிக்கிறதில்லையோ? அதுமாதிரித்தான் இதுவும்" எண்டார். உண்மையில எனக்கும் முதலே மீனிலதான் ஒரு சந்தேகம் இருந்தது. டொக்டரும் அதை ஒத்துக்கொண்டார்.

இனி வைத்தியம். ஏதாவது ஒரு இறைச்சி, அந்த ஒரே இறைச்சிதான். உப்பு, தூள் போடாமல் அவிச்சு, கொஞ்சச் சோறோட குடுக்க வேணும். எண்ணெய் பூசுறதெல்லாம் இண்டையோட நிப்பாட்ட வேணும், பூசுறது எல்லாம் வயிற்றுக்குள்ளதான் போகுமாம். நக்காமல் கழுத்துக்கு ஒரு பட்டை கட்ட வேணும். எட்டுக் கிழமைக்கு மீன் ஒரு துண்டும் வாயில படப்படாது. ஒருநாள் பிழைச்சாலும் முதலில இருந்து எட்டுக் கிழமை.

இன்னொண்டும் சொன்னவர். இதை ரெண்டு தரம் வாசி. பூனை ஆரோட படுத்துப் பழகினதோ, அந்த உரிமைக்காரர் இடையில வந்திட்டுப் போகப்படாதாம். வந்து, மணம் பட்டு, பிறகு ஆள் இல்லாமல் போனால் அது ஏங்கி முந்தினதைவிட மோசமா நக்கத் துவங்குமாம். தோல் முழுக்க மயிர் முளைச்சு அடங்குமட்டும், செப்டெம்பர் ஒக்டோபர் வரைக்கும், நீ வரவே கூடாதாம். கடதாசியில எழுதிக் கையொப்பமும் வைச்சவர். அலுமாரிக்குள்ள பத்திரமாக் கிடக்கு.

அதால நான் இப்ப கூட்டிக்கொண்டு வர வரேல்லை. துரைக்காகப் பொறுத்துக்கொள்.

பாசமுள்ள,
மாமா

மகள், இது றோஸ் மாமி. பூனையைச் சைக்கிளில கொண்டுபோனது உண்மை. பத்து மாடும் முதல் பாத்து முடிஞ்ச பிறகுதான் இவரைக் கூப்பிட்டதாம். அது அவரின்ட கையில விறாண்டின கதையை எழுதேல்லை. மாமா எழுதுறதில பாதியைக் கழிச்சு வாசி. ஆனா 'ரெண்டு தரம் வாசி' எண்டு எழுதின இடத்தை மட்டும் கழியாத. முட்டை குடுத்தால் முழுசாச் சாப்பிடு.


கொழும்பு.
20-2-1963

அன்புள்ள மாமா, மாமி, நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

டொக்டர் சொன்னால் சரிதான். லீவுக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாட்டு டொக்டர் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

பக்கத்துக் கட்டில் கமலாதேவியக்கா நேற்று வீட்டுக்குப் போய்விட்டா. ஆறு மாதமும் ஆகவில்லை. தங்கச்சிக்குக் கலியாணமாம். சீலையெல்லாம் உடுத்து, பூ வைத்து, எனக்கு ஒரு கண்ணாடி வளையல் தந்துவிட்டுப் போனவ. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு கேள்வி. அடுத்த புதன்கிழமை தவசு காலம் துவங்குகிறது. நாற்பது நாளும் எங்கள் குசினிக்குள் இறைச்சி ஏறுவதில்லையே. துரைக்கு யார் சமைப்பது?

சீலா


திருகோணமலை.
6-3-1963

அன்பிற் சிறந்த சீலாவுக்கு, ஆண்டவர் துணை. நாங்கள் சுகமே. உன்ட நெஞ்சு எப்பிடி? ஊசி போட்ட இடம் நோகுதோ? விவரமா எழுது.

நீ கேட்ட கேள்வியை நான் முதலே யோசிச்சு வைச்சிருந்தனான். ஆனாலும் மாமியிட்ட ஒருக்காக் கேட்டுப் பாத்தன்.

"தவசு காலத்தில என்ட அடுப்பில இறைச்சிச் சட்டி ஏறாது" எண்டா.

"அது பூனைக்குத்தானடி. பூனை என்ன ஞானஸ்நானம் எடுத்ததோ?"

"பூனை எடுக்கேல்லை. ஆனா சட்டி எடுத்தது."

வேலியடியில நிண்டு பக்கத்து வீட்டு ஆமினா உம்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறா. அவவுக்கு நோன்புப் பெருநாள் முடிஞ்சு ரெண்டு நாள். "என்ன தம்பி, எங்கட நோன்பு முடிய உங்கட நோன்பு துவங்கிட்டு. பூனைக்கு ஒரு நோன்பும் இல்லத்தானே. அவருக்கு நான் அவிச்சுத் தாறன்" எண்டா. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கிண்ணத்தில ஆட்டிறைச்சி வேலிக்கு மேலால வருது. துரை அந்த நேரத்துக்கு வேலியடியில போய்க் குந்தியிருக்கும். அவர் மார்க்கம் மாறிட்டார் எண்டு ஆமினா உம்மா பகிடி விடுறா.

கழுத்துப் பட்டை நானே தைச்சன், கப்பல் பாய்த்துணியில. பழைய படங்களில ஒல்லாந்துத் தேசாதிபதி கழுத்தைச் சுத்திப் போட்டிருப்பாரே, அதே மாதிரி. போட்ட உடன துரை பின்பக்கமா நடக்கத் துவங்கினது. முற்றம் முழுக்கப் பின்பக்கமா நடந்து கிணற்றுக்கட்டில முட்டி நிண்டது. பாக்க உவர்மலையில இருந்தெல்லாம் சனம் வந்தது. இப்ப முன்னுக்கும் நடக்குது.

சொறி முக்கால்வாசி மாறிட்டுது. நீ வந்து பாக்க அவசியமில்லை.

மறுமொழியை எதிர்பார்க்கும்,
மாமா


திருகோணமலை.
29-3-1963

அன்பு மருமகளுக்கு, உன்னிடமிருந்து ஐந்து கிழமையாகக் கடிதம் இல்லை. றெயில் பிந்தியிருக்கும் எண்டு நினைக்கிறன். நாங்கள் சுகம். நீ சுகமோ?

முக்கால்வாசி எண்டு போன கடிதத்தில எழுதினது ஒரு மட்டுக்குத்தான். ரெண்டு நாள் குறைஞ்ச மாதிரி இருந்தது, பிறகு பழையபடி. ஆறு கிழமையாக் கண்ணுக்குக் கண்ணாப் பாத்து இறைச்சிதான் குடுக்கிறம். பட்டையைக் கழட்டினால் உடன சொறி. டொக்டர் பிழையாச் சொல்லிப் போட்டாரோ எண்டு நினைச்சன். பிறகு காரணத்தை நான் கண்டுபிடிச்சனான். ஆமினா உம்மா பக்கத்தில நிண்டவ.

புதன்கிழமை மத்தியானம் மாமி துரையின்ட கோப்பையில சோற்றைப் போட்டு எதையோ ஊத்தினா. ஆமினா உம்மா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "றோஸ், அது என்ன ஊத்துற?" எண்டா.

"பால் சொதி. வெறுஞ் சோறு தொண்டையில இறங்குமே? பாவம்."

"சொதிக்குள்ள என்ன மிதக்கு?"

"மாசித்துண்டு."

"மாசி என்ன, மரத்தில காய்க்குதா?"

மூண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தம். அதுக்கிடையில துரை கோப்பையை நக்கி முடிச்சிட்டுது.

நீயே சொல்லு பிள்ளை, மாசியை ஆர் மீனெண்டு நினைச்சது? சூரை மீனை அவிச்சுப் புகை போட்டுக் கட்டை மாதிரிக் காய வைச்சு மாலைதீவில இருந்து அனுப்புறாங்கள், அது தெரியும். ஆனா எங்கட குசினியில அது மீனோட இருக்கிறதில்லை. கறுவா, கராம்போட போத்தலுக்குள்ள இருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமையும் கஞ்சிக்குச் சம்பலில இடிச்சுப் போடுற சாமான். நாலு கிழமையா ஒவ்வொரு மத்தியானமும் மாமி எனக்குத் தெரியாமல் இரக்கப்பட்டு ஊத்தியிருக்கிறா. சாக்கில போடுவன் எண்டு நிண்ட மனிசி!

டொக்டர் சொன்னபடி முதலில இருந்து எட்டுக் கிழமை துவங்கியிருக்கிறம். உயிர்த்த ஞாயிறுக்குள்ள முடியாது. மாமி அந்த நாளைப் பற்றி இப்ப வாய் திறக்கிறதில்லை.

ரெண்டு வரியெண்டாலும் எழுது.

மாமா


தபாலட்டை
திருகோணமலை.
10-4-1963

அன்புள்ள மகள் சீலாவுக்கு, றோஸ் மாமி. நாங்கள் சுகம். உன்ட கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாச்சுது. மாமா நாளைக்கு ரெண்டு தரம் தபால் கந்தோருக்குப் போறார். கயிறு வாங்கப் போறன் எண்டு சொல்லிப் போட்டுப் போறார். கயிற்றுக் கிட்டங்கியில வேலை செய்யிற மனிசன் என்ன கயிறு வாங்குறது? நான் கேக்கிறதில்லை.

பூனை இன்னும் சொறியுதுதான், ஆனா முந்தின மாதிரி இல்லை, ரத்தம் வாறதில்லை. லோஞ்சில ஏத்துற கதையை விட்டிட்டன். மாறாட்டிலும் இங்கதான் இருக்கும்.

அங்கயிருந்து வெளிக்கிட்டிட்டியோ எண்டுதான் எங்களுக்குப் பயம். இல்லை எண்டு மட்டும் எழுது.


கொழும்பு.
19-4-1963

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும், பாஸ்கு வாழ்த்துகள். எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். நான் சுகம். இங்கேதான் இருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். மார்ச் மாதம் முழுக்க எனக்கு உங்களில் கோபம். முக்கால்வாசி மாறிவிட்டது என்று மாமா எழுதினதை நான் நம்பவில்லை. துரை செத்துவிட்டது, மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். மாசிக் கதை வந்தது. அதையும் நம்பவில்லை, மாமாவுக்குக் கதை கட்டுவது பெரிய வேலையா? பாஸ்குவுக்கு ஒருவருக்கும் சொல்லாமல் வருவதென்று முடிவெடுத்தேன். சூட்கேசை அடுக்கி, உடுப்பு மாற்றி, வாட்டு வாசல் வாங்கில் வந்து குந்தினேன். பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தது.

அப்போது கமலாதேவியக்காவைக் கொண்டுவந்தார்கள். நடந்து வரவில்லை. என்னைக் கடந்து போகும்போது கையை அசைத்தவ. கையில் வளையல் நிற்கவில்லை, முழங்கை வரைக்கும் ஏறி இறங்கினது.

நான் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் மாமா, அதைப் பார்த்து மட்டும் நான் நிற்கவில்லை. வாங்கில் இருந்த நேரம் முழுக்க, என் மணம் பட்டால் துரை ஏங்கிச் சொறியும் என்று டொக்டர் சொன்னதுதான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் காத்திருக்காமல் முந்தின பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன்.

கமலாதேவியக்காவின் பக்கத்துக்கு இப்போது திரை கட்டியிருக்கிறது.

துரை உயிரோடு இருக்கிறது என்றால் முளைத்த மயிரில் கொஞ்சம் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். அம்மாவைப் பற்றி நான் கேட்டதற்கும் மறுமொழி இல்லை.

சீலா


திருகோணமலை.
27-5-1963

அன்புள்ள சீலாவுக்கு, சுகம் பல கோடி உண்டாவதாக.

இத்தோட வைச்சிருக்கிற கடதாசியைக் காத்தில்லாத இடத்தில வைச்சு விரி. உள்ளுக்கு இருக்கிறது துரையின்ட இடது காதுக்குப் பின்னால புதுசா முளைச்ச மயிர். வெட்டினது ஆமினா உம்மா, பிடிச்சது மாமி, கட்டளை குடுத்தது நான்.

எட்டுக் கிழமை வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. பட்டையைக் கழட்டி நாலு நாள். ஒரு தரம் காலைத் தூக்கினது, எல்லாரும் மூச்சை விடாமல் பாத்துக்கொண்டு நிண்டம். முகத்தைத் துடைச்சுப் போட்டுப் படுத்திட்டுது. டொக்டர் இராஜநாயகம் பாத்துப் போட்டு, "இனிச் சாகுமட்டும் மீன் காட்டாதேயும்" எண்டார். திருகோணமலையில இருந்து கொண்டு மீன் காட்டாமல் இருக்கிறதெண்டால் கண்ணைக் கட்டித்தான் வளர்க்க வேணும். ஆனாலும் சல்லி மீன்காரர் எங்கட படலையடியில இப்ப மணி அடிக்கிறதில்லை. கூடையைத் துணியால மூடிக்கொண்டு, பிரேதம் போற வீட்டைக் கடக்கிற மாதிரித் தலையைக் குனிஞ்சு சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார்.

எங்கட வீட்டிலயும் மீன் இல்லை. நாங்கள் தின்ன, அது பாத்துக்கொண்டு இருந்தால் எங்களுக்கு இறங்குதில்லை. மீன் கறி திண்டு எட்டுக் கிழமை, பிள்ளை! துறைமுகத்தில இதைச் சொன்னால் என்னைத் தண்ணிக்குள்ள தள்ளி விடுவாங்கள்.

கமலாதேவிப் பிள்ளைக்காக மாமி பூசைக்குக் குடுத்திருக்கிறா. அவவின்ட சுகத்தை எழுது.

மாமா


கொழும்பு.
14-9-1963

அன்புள்ள மாமா, மாமி, சுகம். உங்கள் சுகத்தை நேரில் வந்து விசாரிப்பேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு துப்புரவு. 28ஆம் தேதி விடுகிறார்கள். பழைய சட்டைகள் ஒன்றும் இறுக்கமில்லாமல் போட முடியவில்லை, அவ்வளவு உடம்பு வைத்துவிட்டேன். வாட்டில் நான் இருந்த வரிசையில் டிசம்பரில் வந்தவர்களில் மருந்து முழுக்க முடித்தது மூன்று பேர். கமலாதேவியக்காவின் கட்டிலில் இப்போது வேறு ஆள். வளையல் என்னிடம் இருக்கிறது.

துரையின் மயிரைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நேர்ஸ் அதைப் பார்த்து, எந்த அர்ச்சியசிட்ட புனிதருடையது என்று கேட்டவ.

மாமா, றெயிலால் இறங்கி வீட்டுக்கு வர முதல் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. டொக்டர் இராஜநாயகத்திடம் போக வேண்டும். இங்கே பின்னல் பழகினேன், அவருக்கு ஒரு மேசைவிரிப்புப் பின்னி வைத்திருக்கிறேன். நான் வரக் கூடாது என்று அவர் எழுதித் தந்திராவிட்டால் பெப்ரவரியிலேயே வந்திருப்பேன். பூனைக்கு வைத்தியம் பார்க்கப் போய் அவர் எனக்கும் பார்த்துவிட்டார். அந்தக் கடதாசியை அலுமாரியிலிருந்து எடுத்து வையுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சீலா


திருகோணமலை.
19-9-1963

உயிருக்கு நிகரான மருமகள் சீலாவுக்கு மாமா எழுதுவது. உன்ட கடிதத்தை மாமி மூண்டு தரம் வாசிப்பிச்சவ. ஆமினா உம்மாவுக்கு வேலியடியில நிண்டு நாலாம் தரம் வாசிச்சன். பிறகு எல்லாரும் அழுதம். நான் மட்டும் அழேல்லை. கண்ணில தூசி.

உன்ட நெஞ்சு துப்புரவாகும் எண்டு நான் முதலே சொன்னனான். அதை விடு.

28ஆம் தேதி ஸ்டேசனுக்கு நானும் துரையும் வருவம். அவர் கூடைக்குள்ள. ரோசாப்பூ மாதிரிக் காது, வெள்ளை வெளேரெண்டு உடம்பு. ஜூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்கு நான் ஒரே ஒரு நெத்தலி, ஒண்டே ஒண்டு, பாவம் பாத்துக் குடுத்து, ஒரு கிழமை சொறிஞ்சதை உனக்கு எழுதேல்லை. மாமி அகப்பைக் காம்போட வந்தவ. அண்டையில இருந்து நான் ஒழுங்கு.

ஆனா பிள்ளை, நீ டொக்டரிட்டப் போகாத. மேசைவிரிப்பை மாமிக்குக் குடு. ஏனெண்டு சொல்லுறன்.

நீ ரெண்டு தரம் கேட்டு நான் மறுமொழி எழுதாத விசயம் ஒண்டு இருக்கு. உன்ட அம்மா, என்ட தங்கச்சி எலிசபெத்து, நாடு சுதந்திரம் எடுத்த வருசம் அதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில கிடந்தவ. உனக்கு நாலு வயது. "அண்ணா, பிள்ளையைப் பாக்க வேணும், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு கடிதம் எழுதினா. நான் போனனான். டொக்டர்மார் வேண்டாம் எண்டவை. நான் கேக்கேல்லை. நேவி லொறி ஒண்டில ஏத்தி, ராசாத்தி மாதிரிக் கொண்டுவந்து இறக்கினன் எண்டு ஊரெல்லாம் புளுகித் திரிஞ்சனான். ஆறு கிழமை இருந்தா. அந்த நாளையில இந்த ஊசி இல்லை, அங்க இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டா எண்டு சுவாமியார் சொன்னவர். இருக்கலாம். ஆனா கூட்டிக்கொண்டு வந்தது நான். பதினைஞ்சு வருசமா நான் எத்தினையோ கதை சொல்லியிருக்கிறன், இந்தக் கதையை மட்டும் சொல்ல வாய் வரேல்லை.

பெப்ரவரியில உன்ட கடிதம் வந்தது. "நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது" எண்டு. அதே வசனம். மாமி வாசிச்சுப் போட்டு என்னைப் பாத்தா. நான் கூடையை எடுத்துக்கொண்டு டொக்டரிட்டப் போனன்.

நான் எழுதின மற்றதெல்லாம் உண்மை. மாடுகள் விலத்தினது கொஞ்சம் கூட. அட்மிரல் தொப்பி கழட்டினது சத்தியமா உண்மை.

அலுமாரிக்குள்ள கடதாசி ஒண்டும் இல்லை, பிள்ளை. டொக்டர் மீனைப் பற்றி மட்டும்தான் சொன்னவர். நீ வரக் கூடாது எண்டு அவர் சொல்லேல்லை. அது நான் சொன்னது.

உன்ட மாமா,
சூசைப்பிள்ளை